பச்சைத் தண்ணி முதலில், கடற்பீச்சி பிறகு

முல்லைத்தீவுக் கரையில் படகைக் கரையேற்றி அடி சுரண்டும் நாளில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கொட்டலசு, சிப்பி, பாசி என்று ஒட்டிக் கிடப்பவற்றின் நடுவில் தோல்பை மாதிரி மெத்தென்ற ஒன்று இருக்கும். விரலால் அமத்தினால் முகத்தில் தண்ணீர் பீச்சும். என் சித்தப்பா அதை ஊத்தை என்பார். "சுரண்டி எறியிற ஊத்தையை ஏன் பிள்ளை வாளிக்குள்ளை போடுறாய்?" என்று அவர் கேட்டு ஆறு வருடமாகிறது. அந்த ஊத்தையைத்தான் அன்றிலிருந்து வீட்டில் வளர்த்து வருகிறேன்.

பாடப்புத்தகத்தில் இதன் பெயர் அசிடியன். தண்ணீர் பீச்சுகிற காரணத்தால் இந்தக் கட்டுரையில் கடற்பீச்சி என்றே எழுதுகிறேன். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டியைப் புதிதாகத் தொடங்குகிறவர்களையும், மீன் வளர்த்துப் பழகிய பின் இதையும் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களையும் நினைத்து எழுதியது இது.

முதலில் என் முதல் கடற்பீச்சி எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். கைமுட்டி அளவு, மஞ்சள் உடம்பில் ஊதாக் கோடுகள், பார்க்க அப்படி ஒரு வடிவு. "இதுக்குச் சாப்பாடு போடத் தேவையில்லை, தண்ணியிலை இருக்கிறதைக் குடிச்சுக்கொண்டு இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் தொட்டித் தண்ணீர் அப்போது பளிங்கு மாதிரி இருந்தது, அதில் எனக்குப் பெருமை. இரண்டாம் கிழமை அது தேசிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான்காம் கிழமை நெல்லிக்காய் அளவு. ஐந்தாம் கிழமை வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அறைக் கதவைத் திறந்ததும் மணம் அடித்தது. அது அழுகியதில் தண்ணீரில் அமோனியா ஏறி, கூட இருந்த இரண்டு சிறு மீன்களும் போய்விட்டன.

தண்ணீரில் இருக்கிறதைக் குடித்துத்தான் அது சீவிக்கிறது, கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பளிங்குத் தண்ணீரில் குடிக்க எதுவும் இல்லை. வீட்டுத் தொட்டிகளில் கடற்பீச்சிகள் சாவது பெரும்பாலும் நோயால் இல்லை, பட்டினியால். அதுவும் உடனே தெரியாத பட்டினி. தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்று கிழமைக் கணக்கில் தாக்குப்பிடிக்கும், நாமும் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே இந்த வழிகாட்டியில் அதன் உணவான, நுண்பாசி நிறைந்த பச்சைத் தண்ணி மூன்றாம் படியில் வரும், விலங்கு நான்காம் படியில்தான்.

எதை வளர்க்கப் போகிறோம்

கடற்பீச்சியின் உடம்பில் இரண்டு துவாரங்கள் உண்டு. மேலே உள்ளதால் தண்ணீர் உள்ளே போகும், பக்கவாட்டில் சற்றுக் கீழே உள்ளதால் வெளியே வரும். நடுவில் கூடை பின்னியது போன்ற தொண்டை. அதன் சுவர் முழுக்கச் சிறு இடுக்குகள். தொண்டையின் ஒரு பக்கத்தில் ஓடும் பள்ளம் ஒன்று ஓயாமல் சளி சுரக்கும். அந்தச் சளி மெல்லிய வலையாகக் கூடையின் உட்புறத்தில் விரிந்து, தண்ணீரில் வரும் நுண்பாசியையும் பற்றீரியாவையும் பிடிக்கும். பிறகு வலையோடு சேர்த்து விழுங்கப்படும். சளி சுரக்கும் அந்தப் பள்ளந்தான் நம் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு முன்னோடி என்கிறார்கள். அதுவும் அயடீனைச் சேர்த்து வைக்கிறது.

வெளித்தோல் இன்னொரு அதிசயம். மரத்திலும் பருத்தியிலும் இருக்கிற செலுலோசை ஒத்த பொருளால் ஆனது. விலங்குகளில் இதைத் தானே செய்து உடுத்திக்கொள்கிற கூட்டம் இதுவும் இதன் நெருங்கிய சொந்தங்களுந்தான்.

குஞ்சாக இருக்கும்போது இது தவளைப் பேத்தை மாதிரி வாலடித்து நீந்தும். வாலுக்குள் முதுகுநாண் இருக்கும். முன்பு இதைச் சிப்பி, நத்தைகளோடு சேர்த்து எண்ணியவர்கள் இருந்தார்கள். 1866இல் ரஷ்ய விலங்கியலாளர் கொவலெவ்ஸ்கி அந்தப் பேத்தையைப் பார்த்து எழுதிய பிறகுதான் இது முள்ளந்தண்டு விலங்குகளின் உறவு என்று தெளிவானது. இறாலும் நண்டும் சிப்பியும் நமக்கு இதைவிடத் தூரத்துச் சொந்தம். சில மணி நேரம், கூடினால் ஓரிரு நாள் நீந்திவிட்டுத் தலையால் ஓரிடத்தில் ஒட்டும். வால் உடம்புக்குள் இழுபட்டுக் கரைந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க அதே இடந்தான்.

இந்த விலங்கை ஆராய்வதில் அந்தக் காலத்தில் பெரிய பெயர் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன். அவர் 1902இல் இலங்கைக்கு வந்தது கடற்பீச்சிக்காக இல்லை, மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்கள் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகள்) ஏன் அடிக்கடி வெறிச்சோடுகின்றன என்று பார்க்க. 1903 முதல் 1906 வரை 5 தொகுதிகளாக வந்த அறிக்கையில், முத்துச் சிப்பியோடு கூடக் கிடைத்த கடற்பீச்சிகளையும் அவர் விடாமல் எழுதி வைத்தார். மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக்கு அப்பால் உள்ள கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். நாங்கள் ஊத்தை என்று எறிவதை நூறு வருடத்துக்கு மேல் முதலே ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார்.

படி 1: தண்ணீர்

கடற்பீச்சிக்குத் தன் உடம்பின் உப்பளவைத் தானே சரிப்படுத்தத் தெரியாது. வெளித்தண்ணீர் எப்படியோ உள்ளும் அப்படியே. மீன் தாங்குகிற மாற்றத்தை இது தாங்காது. உப்பளவு ஆயிரத்துக்கு 33 முதல் 35 வரை, அடர்த்திக் கணக்கில் 1.024 முதல் 1.026 வரை நிற்க வேண்டும். மிதக்கும் பிளாஸ்ரிக் மானியை நம்ப வேண்டாம். ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்ரோமீற்றர் ஒன்று வாங்குங்கள். வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

கரையோரத்தில் இருப்பவர்கள் கடல் தண்ணீரையே எடுக்கலாம். ஆனால் எங்கே, எப்போது என்பது முக்கியம். மாரியில் எடுக்காதீர்கள். வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் நந்திக்கடல் களப்பின் மண்ணிறத் தண்ணீர் கரையோரமாக நீளத்துக்குப் பரவும். அந்த நாட்களில் கரைத் தண்ணீர் கடல் தண்ணீரே இல்லை. வாடைக் காற்று அடங்கி, வயல் வெள்ளம் வடிந்து, கடல் தெளிந்த மாசி பங்குனியில் படகில் போகிறவர்களிடம் சொல்லி, கரையிலிருந்து தள்ளி எடுப்பியுங்கள். சாப்பாட்டுச் சாமான் வந்த நீல நிறப் பரல் நல்லது. எண்ணெயோ மண்ணெண்ணெயோ பட்ட கலன் ஆகவே ஆகாது. வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடித்து, மூடி, இருட்டில் இரண்டு கிழமை வைத்தால் கசடு அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் குழாயால் இழுத்துக்கொள்ளுங்கள்.

வவுனியா போன்ற கடலில்லாத இடங்களில் இருப்பவர்களுக்குத் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வழி. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வரும். ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அது கறிக்கு உகந்த உப்பு, தொட்டிக்கு ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைட்டு படிந்தபின் மக்னீசியமும் பொற்றாசியமும் பெரும்பாலும் கழிதண்ணீரோடு போய்விடும், கல்சியம் அதற்கு முன்பே தனியாகப் படிந்துவிடும். திருப்பிக் கரைத்தால் கடல் வராது.

வன்னியில் கவனிக்க வேண்டிய அடுத்த விடயம், தண்ணீர் வற்றுவது. சோளகம் வீசும் மாதங்களில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லீற்றர் குறைகிறது. தண்ணீர் மட்டுந்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, காலையும் மாலையும் கோடுவரை நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கக் கிணறுகளில் சவர் கூட, தோட்டப் பசளையும் இறங்கியிருக்கும். ஊரூராக வந்திருக்கும் ஆர்.ஓ. (சுத்திகரித்த குடி) தண்ணீரே இதற்குப் போதும், ஒரு கான் ஒரு கிழமைக்குக் காணும். மழைத் தண்ணீரும் நல்லது, ஆனால் தகரக் கூரையில் விழுந்தது வேண்டாம், தகரத்தின் நாகப் பூச்சு (சிங்க்) கரைந்து வரும். ஓட்டுக் கூரைத் தண்ணீரை, முதல் இரண்டு மழையைப் போகவிட்டுப் பிடியுங்கள். பரலை நுளம்பு வலையால் கட்டாயம் மூடி வையுங்கள்.

செம்பு எதிலும் படக்கூடாது. மீனுக்கு வெண்புள்ளி வந்தால் ஊற்றும் செம்பு மருந்து கடற்பீச்சியைக் கொன்றுவிடும். ஏற்கெனவே அந்த மருந்து ஊற்றிய பழைய தொட்டியையும் வாங்காதீர்கள்.

படி 2: தொட்டி

மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். ஏறத்தாழ 190 லீற்றர் கொள்ளும். இதைவிடச் சிறிதானால் சாப்பாடு போடும்போது தண்ணீர் சீக்கிரம் கெடும். மெதுவாகத் தண்ணீரைச் சுற்றும் மோட்டார் ஒன்று, காற்றுப் பம்பி ஒன்று. பவளப்பாறை உடைத்துப் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். சுட்ட மண் ஓட்டுத் துண்டுகளை நன்றாக ஊறவைத்துக் குகை மாதிரி அடுக்கினாலே போதும். கடற்பீச்சிக்கு நிழலும் தலைகீழ்ப் பரப்புந்தான் பிடிக்கும்.

ஒரு இறால் துண்டைப் போட்டு ஆறு கிழமை ஓடவிடுங்கள், அது அழுகி வரும் அமோனியாவைச் சிதைக்கும் பற்றீரியா வளரட்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியத்துக்கு வந்தாலும் அவசரப்பட வேண்டாம். கண்ணாடியில் பாசி பிடித்து, இரவில் ரோச் அடித்தால் வெள்ளைப் புள்ளிகளாகச் சிறு பூச்சிகள் ஓடுகிற நிலைக்கு வர மூன்று நான்கு மாதம் எடுக்கும். அந்தத் தொட்டிதான் கடற்பீச்சிக்கு வீடு. பளிச்சென்ற புதுத்தொட்டியில் வைத்தால் என் கதைதான் உங்களுக்கும்.

படி 3: பச்சைத் தண்ணி

காத்திருக்கும் அந்த மாதங்களில் செய்ய வேண்டிய வேலை இது. வளர்ப்பு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பச்சைத் தண்ணி என்றால் நுண்பாசி வளர்த்த உப்புத்தண்ணீர். நமக்கு வேண்டியது நனோகுளோரொப்சிஸ் என்ற நுண்பாசி. ஒரு மில்லிமீற்றரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு அளவுதான் ஒன்று இருக்கும். கடற்பீச்சியின் சளிவலைக்கு அது அளவான கவளம். ஐசோகிரைசிஸ் கிடைத்தால் அதையும் கூட வளருங்கள். அதன் சத்து வேறு, இரண்டையும் கலந்து கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது. தாய்ப்பாசியை எங்கே எடுப்பது? கடலட்டைக் குஞ்சு பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு நுண்பாசிதான் உணவு. அங்கே வேலை செய்கிற யாரையாவது தெரிந்தால் ஒரு சோடாப் போத்தல் கேட்டுப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஒன்றரை லீற்றர் வெளிர் பிளாஸ்ரிக் போத்தல் நான்கு எடுத்துக் கழுவிக் காய வையுங்கள், சவர்க்காரம் போடாமல். கடல் தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்து உப்பளவை ஆயிரத்துக்கு 25 ஆக்குங்கள். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்தில் கொதி வரும் தறுவாய்வரை சூடாக்கி, மூடி ஆறவிடுங்கள். போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, அதில் ஐந்திலொரு பங்கு தாய்ப்பாசி ஊற்றுங்கள். எஃப்/2 என்ற பாசிப் பசளையை அதன் சுட்டியில் சொன்ன அளவுக்கு விடுங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். பாசி வளரத்தான் செய்யும், ஆனால் மிஞ்சிய யூரியா தொட்டிக்குள் போய் அமோனியாவாகும். செய்யாதீர்கள்.

மூடியில் துளை போட்டுக் காற்றுக் குழாயை அடிவரை இறக்குங்கள். குமிழி ஓயாமல் வர வேண்டும், நின்றால் பாசி அடியில் படிந்து சாகும். வெள்ளை எல்.ஈ.டி. ரியூப் ஒன்றைப் போத்தல்களுக்குப் பின்னால் கட்டி நாளுக்கு 16 மணி நேரம் எரியவிடுங்கள். நேர் வெயிலில் வைக்க வேண்டாம். எங்கள் வெயிலில் ஒன்றரை லீற்றர் போத்தல் மத்தியானத்துக்குள் வெந்துவிடும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் கிளிப்பச்சை. ஏழு முதல் பத்து நாளில் போத்தலுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியாத அளவுக்குக் கரும்பச்சை. அப்போது பாதியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மீதியில் புதுத்தண்ணீரும் பசளையும் ஊற்றுங்கள், திரும்ப வளரும். பெட்டிக்குள் இருப்பது இரண்டு கிழமை தாங்கும், தினமும் ஒருக்கால் குலுக்க வேண்டும். மஞ்சளாகி, நுரைத்து, அழுகல் மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். அதற்காகத்தான் நான்கு போத்தல். ஒன்று கெட்டாலும் மற்றதிலிருந்து தொடங்கலாம். ஒன்றின் குழாயை மற்றதில் போடாதீர்கள்.

இரண்டு மாதம் தொடர்ந்து பச்சைத் தண்ணியைக் கெடாமல் வைத்திருக்க உங்களால் முடிந்தால் கடற்பீச்சி கொண்டு வரலாம். முடியாவிட்டால் மீனோடு நில்லுங்கள், அதிலும் குறைவில்லை. ஈஸ்ற், மாத்தூள், ஸ்பைருலினா தூள் என்று மாற்று வழி சொல்வார்கள். தண்ணீர் கெடும், விலங்கும் மெலியும்.

படி 4: எதை, எங்கிருந்து

கடையில் வரும் மஞ்சள் ஊதா அழகியை முதலில் வாங்காதீர்கள். எத்தனை நாள் பட்டினியில் பயணம் செய்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக் குடம் மாதிரி இருந்து, துவாரத்துக்குள் பச்சை தெரிகிற கூட்டுயிர் (பல கடற்பீச்சிகள் ஒட்டி ஓருடலாக வளர்வது) ஒன்றும் கடைக்கு வரும். அதன் உள்ளே புரோகுளோரோன் என்ற பச்சை நுண்ணுயிர் குடியிருப்பதால் அதற்கு நிழல் ஆகாது, நல்ல வெளிச்சம் வேண்டும். அதோடு நுண்பாசியும் வேண்டும். புதியவருக்கு அது வேண்டாம்.

நம் கரையில் எறிபடுவதையே எடுங்கள். மிதவைக் கயிறு, நங்கூரக் கயிறு, பழைய நண்டுக் கூடு, இவற்றில்தான் கூடக் காண்பீர்கள். கரிய வழுவழுப்பான தோலுள்ளது ஒன்று, மேலே மண்ணும் பாசியும் படர்ந்து கல் மாதிரித் தெரிவது இன்னொன்று. கண்ணாடி மணிகளைக் கொடியில் கோர்த்தது போலக் கூட்டமாக வளரும் சின்ன இனங்களும் உண்டு. சிலவற்றின் உடம்புக்குள் ஊசி போன்ற சுண்ண முட்கள் இருக்கும், வெறுங்கையால் நசிக்காதீர்கள்.

பவளப்பாறையிலிருந்து பிடுங்கக் கூடாது. வங்காலைச் சரணாலயம் போன்ற காப்பிடங்களில் எதையும் தொடக் கூடாது. மற்ற இடத்திலும் ஐயமிருந்தால் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொழிலாளி சுரண்டப் போகிற கயிற்றிலிருந்து அவர் சம்மதத்தோடு இரண்டை எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. முதல் முறை இரண்டு போதும்.

விலங்கைக் கயிற்றிலிருந்து பிய்க்காதீர்கள். அடித்தோல் கிழிந்தால் ஆறாது. கயிற்றையே இரு பக்கமும் வெட்டித் துண்டாக எடுங்கள். பழங்கயிறு ஒரு சாண் கொடுக்க எந்தத் தொழிலாளியும் மறுக்கமாட்டார். எடுக்கும்போதே வாளியைக் கடலுக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள் வைத்தே வாளிக்கு மாற்றுங்கள். வெளியே தூக்கினால் பீச்சும், பீச்சிய இடத்துக்குள் காற்றுப் போகும், கூடைக்குள் சிக்கிய குமிழி இலேசில் வெளியே வராது. தப்பித் தூக்கிவிட்டால் தண்ணீருக்குள் துவாரம் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லச் சரித்துச் சரித்து விடுங்கள்.

வாளியை மூடி, நனைத்த சாக்கைச் சுற்றி, பற்றரிக் காற்றுப் பம்பியைப் போட்டு, வெயில் ஏறமுன் வீட்டுக்கு வாருங்கள். மோட்டார் சைக்கிளில் கொண்டு வருவதென்றால் பின்னால் ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க வேண்டும்.

படி 5: தொட்டிக்குள் இறக்குதல்

காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு மூன்று துளியாக வாளிக்குள் விழவிடுங்கள். இரண்டு மணி நேரம். வாளி நிரம்பினால் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். இரண்டு தண்ணீரின் உப்பளவும் ஒன்றானதும் ஒரு கோப்பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அதோடு எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள். கயிற்றுத் துண்டை மீன்பிடி நூலால் ஓட்டில் கட்டி, நிழல் விழும் இடத்தில், மெல்லிய நீரோட்டத்தில் வையுங்கள். இரண்டு துவாரமும் எதிலும் முட்டாமல் இருக்கட்டும். அன்று விளக்குப் போட வேண்டாம். அடுத்த நாள் காலைக்குள் திறந்துவிடும். இரண்டு நாள் வரை மூடியிருந்தாலும் பொறுங்கள்.

கிளாத்தி, பேத்தை மீன், வண்ணத்திப்பூச்சி மீன், பெரிய நண்டு எதையும் கூட விடாதீர்கள், கடித்துத் தின்றுவிடும். நடந்து திரியும் கடல் அனிமனியும் வேண்டாம், பக்கத்தில் வந்தால் கொட்டும். சிறு கோபி மீன், துப்புரவு இறால், ஓரிரு நத்தை நல்ல அயலவர்.

படி 6: சாப்பாடு

என் 190 லீற்றர்த் தொட்டியில் இரண்டு கடற்பீச்சிக்கு நாளுக்கு 100 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணியில் தொடங்கினேன், காலை பாதி, இரவு பாதி. நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கிறதா என்று கிழமைக்கொருக்கால் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கொடுக்கும்போது நுரை பிரிக்கும் ஸ்கிம்மரையும் வடிகட்டும் பஞ்சையும் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், அவை உணவையே வடித்து எடுத்துவிடும். சுற்றும் மோட்டார் ஓடட்டும். கிழமைக்கு 20 லீற்றர் தண்ணீர் மாற்றுங்கள்.

ஊசியில்லாத சிரிஞ்சால், விலங்குக்கு அரையடி முன்னால், நீரோட்டம் வரும் பக்கமாக மெதுவாக விடுங்கள். நேரே துவாரத்துக்குள் பீச்சினால் பயந்து மூடிக்கொள்ளும். பச்சைப் புகை மாதிரிப் படர்ந்து போகும், பிறகு மேல்துவாரத்துக்குக் கிட்ட வந்ததும் அந்தப் புகை வளைந்து உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். பக்கத் துவாரத்தால் வருகிற தண்ணீர் தெளிந்திருக்கும். முதல் தடவை அதைக் கண்ட இரவில் விளக்கை அணைக்க மனமில்லாமல் இருந்தேன்.

சாப்பிடுகிறதா என்பதற்கு நிச்சயமான அடையாளம் பக்கத் துவாரத்தால் விழும் கழிவு. நூல் துண்டு மாதிரி, அல்லது சிறு உருண்டையாக ஓட்டில் கிடக்கும். இரண்டு மூன்று நாளாக அது இல்லையென்றால் உணவு போதவில்லை. மாதம் ஒருக்கால் அடிமட்டத்தைக் கண்ணாடியோடு பிடித்து அளந்து கொப்பியில் எழுதுங்கள். கண் ஏமாற்றும், அடிமட்டம் ஏமாற்றாது. இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் பச்சைத் தண்ணியைக் கூட்டுங்கள்.

கயிற்றில் கண்ணாடி மணிக் கூட்டம் வந்திருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். பின்னாலிருந்து ரோச் அடித்து, முன்னால் உருப்பெருக்குக் கண்ணாடி பிடியுங்கள். உடம்பின் அடிப்பக்கத்தில் நூல் அளவு குழாய் ஒன்று துடிக்கும். அதுதான் இதயம். துடிப்பு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலை மாதிரி ஓடும். பார்த்துக்கொண்டே இருந்தால் சட்டென்று நிற்கும். செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும், இந்த முறை எதிர்ப்பக்கமாக. இரத்தம் ஓடும் திசையையே மாற்றி மாற்றி ஓட்டுகிற இதயம் இது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்க்கவே பின்னேரங்களில் வருவார்கள்.

வெக்கையும் கறன்றும்

நம் கரை இனங்களுக்கு 26 முதல் 29 பாகை நல்லது. பங்குனி முதல் ஆவணி வரை அறை வெப்பமே 33ஐத் தாண்டும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும். அதற்கேற்ப நீரும் வற்றும், கோட்டைக் கவனியுங்கள். தொட்டியை மேற்குச் சுவரோடு வைக்காதீர்கள், பின்னேர வெயிலில் அந்தச் சுவர் அடுப்பு.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கறன்ற் நின்ற நாட்களையும் இந்தத் தொட்டி கண்டது. பற்றரிக் காற்றுப் பம்பி இரண்டு இருந்ததால் தப்பியது. ஒன்று ஓட, மற்றது ஏறும். கறன்ற் இல்லாத நேரம் சாப்பாடு போடாதீர்கள், அசையாத தண்ணீரில் அது அழுகத்தான் போகும்.

சுகமில்லாதபோது

நிழல் விழுந்தால் அல்லது தொட்டால் சுருங்கி, சில நிமிடத்தில் திரும்பத் திறந்தால் சுகமாக இருக்கிறது. தோலில் பாசி படர்ந்தால் மென்மையான தூரிகையால் தடவிவிடுங்கள், சுரண்ட வேண்டாம். சின்னக் கூட்டுயிர்கள் சில, ஒரு பருவத்தில் முற்றாக வாடி, அடிக்கொடியிலிருந்து திரும்பத் தளிர்ப்பதும் உண்டு. கொடி உறுதியாக இருந்தால் எறியாமல் விடுங்கள்.

துவாரம் நாட்கணக்காக வாய்பிளந்து கிடந்து, தொட்டாலும் மூடாமல், மேலே வெள்ளைப் படலம் படர்ந்தால் அது போய்விட்டது. நப்பாசையில் ஓர் இரவு கூட விடாதீர்கள். கயிற்றோடு எடுத்து, கால்வாசித் தண்ணீரை மாற்றி, செயலூட்டிய கரியை (அக்ரிவேற்றட் காபன்) பையில் கட்டித் தொங்கவிடுங்கள். நான் அன்று காலைவரை விட்டதால்தான் மீன்களையும் இழந்தேன்.

செத்ததையும் வேண்டாமென்று ஒதுக்கியதையும் கடலிலோ களப்பிலோ எறியக் கூடாது. கடையில் வாங்கிய வெளியினம் என்றால் இன்னும் மோசம். வேற்றிடத்துக் கடற்பீச்சி புகுந்து கயிறும் வலையும் தெரியாமல் மூடி, சிப்பிப் பண்ணைகளை நட்டப்படுத்திய கதை நியூசிலாந்திலிருந்து அமெரிக்கக் கரைவரை உண்டு. நம் கரையில் கடலட்டை அடைப்புகளையும் பாசிக் கயிறுகளையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. வெயிலில் நன்றாகக் காயவைத்து மண்ணுக்குள் தாட்டுவிடுங்கள். மாற்றும் தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாமல், பயிர் இல்லாத மண்ணில் ஊற்றுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் ஏழெட்டு மாதத்தில் ஒரு நாள், தொட்டியின் நிழல் பக்கத்தில், ஓட்டின் அடியில் அல்லது மோட்டாரின் பின்பக்கத்தில், குறுணி அரிசி அளவில் கண்ணாடிப் பொட்டுகளைக் காண்பீர்கள். ரோச் அடித்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு துவாரம் தெரியும். எல்லா இனமும் தொட்டியில் இப்படிப் பெருகாது. குஞ்சை உள்ளே வைத்து வளர்க்கும் சின்ன இனங்களில்தான் கூடக் காணலாம். அன்றிலிருந்து கண்ணாடி துடைக்கும்போது முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்தைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.